பார்ட்னர், பார்ட்டிஷன், அபார்ட்மென்ட்

போன வியாழக்கிழமை காலை பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, எங்கள் அபார்ட்மென்ட் கேட்டில் செக்யூரிட்டி சேவியர் என்னை நிறுத்தினார். வால்பாறை எஸ்டேட்டில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தவர். அதிகம் பேசமாட்டார். நானும் அப்படித்தான். பார்த்தால் தலையை ஆட்டிக்கொள்வோம், அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

"ஒண்ணு கேக்கணும்மா. ஆவணியில ஒரு நாள் தட்டோட ரெண்டு பேர் வந்தாங்களே உங்க வீட்டுக்கு... அப்புறம் வந்தாங்களா?"

எந்தத் தட்டு? எந்த இரண்டு பேர்?

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேறு ஃபிளாட்டாக இருக்கும் என்றேன். அவர் இல்லை என்றார். வெள்ளை வேட்டி கட்டின பெரியவராம், பட்டுச் சேலை கட்டின அம்மாவாம். பித்தளைத் தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை, மஞ்சள் தடவின பத்திரிகை, அதற்கு மேல் ஒரு சேலைப் பெட்டி. நம்பர் சரியாகச் சொன்னார்களாம்.

"அந்த ஐயாவுக்கு உங்க வீட்டு ஐயா மாதிரியே நெத்திம்மா. நான் வேலைக்கு வந்த புதுசு. ஆப்புல போட்டேன், வேண்டாம்னு வந்துச்சு. அதைத்தான் சொன்னேன். அந்தம்மா தட்டை முந்தானையால மூடிக்கிட்டாங்க."

நான் அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அது அவருடைய நாற்காலி.

என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் இங்கிலீஷ் பேசிக்கொள்கிறேன். சிரிக்காதீர்கள். ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை என்பது இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் பட்டறை இங்கிலீஷ்தான். வீட்டுக்காரரும் அவர் தம்பியும் சேர்ந்து மோட்டார் பம்புக்குப் பார்ட்ஸ் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சூலூர் பக்கம் பட்டறை, பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. கல்யாணமாகி வந்து நான் முதலில் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் சொல், பார்ட்ஸ்.

இரண்டாவது, பார்ட்டி. "பார்ட்டி வந்திருக்காங்க, காப்பி போடு" என்று பட்டறையிலிருந்து குரல் வரும். பார்ட்டி என்றால் சரக்கு வாங்க வந்தவர். நல்ல பார்ட்டி, இழுத்தடிக்கிற பார்ட்டி, கேரளா பார்ட்டி... என் மகன் பிரபு பெங்களூரில் வேலைக்குப் போன புதிதில், "அம்மா, இன்னைக்கு ஆபீஸ்ல பார்ட்டி" என்றான். ஆர்டர் பெரிசா கண்ணு என்று கேட்டேன். அவன் சிரித்த சிரிப்பு போனை விட்டு வெளியே வந்தது.

அப்புறம் பார்ட்னர். அது என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும். இரண்டு பேருக்கும் ஒரே டிபன் கேரியரில்தான் சோறு போகும். அண்ணன் கையை வைக்காமல் தம்பி கையை வைக்க மாட்டார்.

பார்ட்ஸ், பார்ட்டி, பார்ட்னர்... கேட்கும்போது ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள் மாதிரித்தான் இருக்கின்றன. முகஜாடை இருக்கிறது. ஆனால் குணம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொன்று. அந்த வரிசையில் இன்னும் இரண்டு சொற்கள் வந்து சேரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பார்ட்டிஷன் என்பது முதலில் எங்கள் பட்டறையில் வெறும் பலகைதான். ஆபீஸ் ரூமில் பிளைவுட்டில் ஒரு தடுப்பு வைத்தார்கள். கொழுந்தனார் மகன் கார்த்தி படித்து முடித்து வந்து, கம்ப்யூட்டரில் ஓடும் பெரிய மெஷின் போடலாம் என்றான். இருக்கிற லேத்து போதும், கடன் வேண்டாம் என்றார் வீட்டுக்காரர். அவன் ஆசையும் தப்பில்லை, இவர் பயமும் தப்பில்லை. பிரபுவோ பட்டறைப் பக்கமே வரமாட்டேன் என்றுவிட்டான். கடைசியில் அந்தப் பலகை பத்திரமாக மாறியது. பார்ட்டிஷன் டீட்.

ரெஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, சொந்தக்காரர்கள் நாலு பேர் நிற்கையில், வீட்டுக்காரர் தம்பியிடம் சொன்னார்:

"நல்லது கெட்டதுக்குக் கூப்பிடு. கூப்பிட்டா வர்றோம்."

நல்ல வார்த்தைதான். ஆனால், கூப்பிட்டால்தான் வருவோம் என்றும் அதற்கு அர்த்தம் வருகிறதே? கொழுந்தனார் முகம் அப்போதே சுருங்கியதை நான் பார்த்தேன். "சரிங்கண்ணா" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் பங்கை விற்றுவிட்டு கோயமுத்தூருக்குள் வந்தோம். அபார்ட்மென்ட்.

அபார்ட் என்றால் விலகி, தனித்தனியாக என்று அர்த்தம் என்று என் மகள் மலர் ஒருநாள் சொன்னாள். சுவரோடு சுவர் ஒட்டி, தலைக்கு மேல் ஒரு குடும்பம், காலுக்குக் கீழே ஒரு குடும்பம் வைத்துக் கட்டிய வீட்டுக்கு இந்தப் பெயரை எவர் வைத்தாரோ... குடிவந்த பிறகு, சரியாகத்தான் வைத்திருக்கிறார் என்று தோன்றியது.

பிரிந்த பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. சண்டை இல்லை. சண்டை இருந்திருந்தால் யாராவது பேசித் தீர்த்திருப்பார்கள். வெறும் மரியாதை மட்டும் இருந்தது. அவர்கள் வரட்டும் என்று நாங்கள், இவர்கள் வரட்டும் என்று அவர்கள்.

இந்த ஆனியில் கார்த்திக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தி வந்தது. பெண் வீடு கோபிசெட்டிபாளையம். வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தாலி கட்டுவதற்கு முன்னால், மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவளைக் கல்யாணப் பெண் மாதிரியே அலங்கரித்து அவன் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். கூறைச் சேலையின் ஒரு முனை அவள் கையில், மறு முனை அவன் கையில். புதிதாக ஒருத்தி வந்தாலும் உனக்கு இந்த வீட்டில் இருக்கிற உரிமை போகாது என்று ஊர் முன்னால் சொல்கிற சீர் அது. கூடப்பிறந்தவள் இல்லாவிட்டால் பெரியப்பா, சித்தப்பா மகள் நிற்பாள்.

கார்த்தி ஒற்றைப் பிள்ளை. அவனுக்கு அக்கா என்றால் என் மகள் மலர்தான். அவனுக்குச் சோறு ஊட்டி, இடுப்பில் தூக்கிக்கொண்டு பட்டறை முழுக்கச் சுற்றியவள் அவள். "டேய், உன்ர கல்யாணத்துக்கு எனக்கென்ன சேலைடா எடுத்துத் தருவே?" என்று கேட்பாள். அவன் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே, "பச்சப் பட்டு" என்பான். தினமும் நடக்கும் இந்தக் கூத்து. வளர்ந்த பிறகும் விடவில்லை.

மலர் இப்போது இருப்பது திருப்பூரில். ஆவணி பிறந்ததிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "கூப்பிட்டாங்களாம்மா?"

இல்லை கண்ணு. இன்னும் இல்லை. வருவாங்க.

எங்கள் ஊரில் அழைப்பு என்றால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு, நேரில் வந்து கூப்பிட வேண்டும். இணைச்சீருக்கு நிற்கிறவளை அதற்கும் மேலே, சேலையோடு வந்து கூப்பிட வேண்டும். போனில் கூப்பிட்டால் அது தகவல். வாட்ஸ்அப்பில் வந்தால் அது விளம்பரம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மலர் பொறுக்கமாட்டாமல் சொன்னாள். "கூப்பிடாட்டிப் போகுதும்மா. நான் போயி நின்னுக்கறேன். அவன் எந்தம்பி."

வீட்டுக்காரர் போனை வாங்கினார். "கூப்பிடாத பந்தல்ல எம்பொண்ணு போயி நிக்கறதா? வேண்டாம் அம்மணி."

நான் ஒருமுறை கொழுந்தனார் நம்பரை அழுத்தப் போனேன். என்னவென்று சொல்வது? எங்களைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுங்க என்றா? அப்படி யாராவது கேட்பார்களா? போனை வைத்துவிட்டேன்.

கல்யாணத்தன்று காலையில் வீட்டுக்காரர் சவரம் செய்து, குளித்து, சலவை வேட்டி கட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார். முகூர்த்தம் தாண்டும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அதற்கப்புறம் சொந்தக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். எங்கள் ஊர் மரியாதை உங்களுக்குத் தெரியுமே... நல்லா இருக்கீங்களாங்க, சௌக்கியமுங்களா, காப்பி வேண்டாமுங்க, இப்பத்தானுங்க குடிச்சோம்... ஒரு வாக்கியத்துக்கு எத்தனை 'ங்க' போட முடியுமோ அத்தனையும் போடுவார்கள். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்க மாட்டார்கள். கேட்டால் நம் மனம் நோகுமாம். உங்களைக் கூப்பிட வந்தவங்களை ஏன் திருப்பி அனுப்புனீங்க என்று ஒரே ஒருத்தர் மூஞ்சிக்கு நேராகக் கேட்டிருந்தால் போதும், அன்றைக்கே விஷயம் வெளிச்சத்துக்கு வந்திருக்கும்.

கேட்டவர் சேவியர்தான். அவர் எங்கள் ஊர்க்காரர் இல்லை. அதனால் கேட்டுவிட்டார்.

பிரபுவுக்குப் போன் செய்தேன். ஃபிளாட் அவன் பெயரில் இருக்கிறது. கேட்டில் யார் வந்தாலும் ஆப்பில் கேள்வி வரும், அது போவது அவன் போனுக்குத்தான். எங்களுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது என்று அவனே செய்த ஏற்பாடு. ஆப் வந்த பிறகு இன்டர்காமையும் எடுத்துவிட்டார்கள்.

"அம்மா, ஒரு நாளைக்கு எத்தனை வருதுன்னு தெரியுமா உனக்கு? கூரியர், இன்சூரன்ஸ், பிரஷ் விக்கறவங்க... கெஸ்ட்னு மட்டும்தான்மா வந்திருக்கும். மீட்டிங்ல இருந்திருப்பேன்..." வேகமாகச் சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றுவிட்டான். "அப்பாகிட்டச் சொல்லிட்டியா?" என்றான். குரல் சின்னப் பிள்ளைக் குரலாக இருந்தது. அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்காரரிடம் இட்லி வைத்துவிட்டுச் சொன்னேன். கையை எடுத்துவிட்டார்.

"வந்தானா?"

ஆமாங்க என்றேன்.

"தட்டோடயா?"

ஆமாங்க.

அப்புறம் அவர் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலர் திருப்பூரிலிருந்து வந்து சேர்ந்தாள். மூன்று பேரும் கார் வைத்துக்கொண்டு சூலூர் போனோம். போகிற வழியில் பேச்சு வரவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று, இந்த பார்ட்ஸ், பார்ட்னர் எல்லாம் ஒரே சொல்லில் இருந்து வந்ததா என்று மலரிடம் கேட்டேன்.

"பார்ட்டுன்னா பங்கும்மா. பார்ட்டிசிபேட்னு ஒண்ணு இருக்குது. கலந்துக்கறதுன்னு அர்த்தம். அதுவும் இதே ஊட்டுச் சொல்லுதான்."

பிரிவதும் கலந்துகொள்வதும் ஒரே வீட்டுச் சொல்லா? முதலில் அது என்ன விந்தை என்று நினைத்தேன். அப்புறம் யோசித்தால், நம்மிடமும் அப்படித்தானே இருக்கிறது! பங்கு பிரிப்போம். கல்யாணத்தில் பங்கெடுப்போம். இரண்டையும் செய்கிறவன் பங்காளி. முன்சீட்டில் இருந்த வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொழுந்தனார் வீட்டில் கேட் திறந்தே கிடந்தது. யாரும் பெயர் கேட்கவில்லை.

அவர் சம்சாரம் சாந்திதான் முதலில் பார்த்தாள். "வாங்கக்கா. வாங்க மாமா. வா மலரு." மூன்று பேருக்கும் தனித்தனியாக வாங்க சொல்லி, மூன்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஒரு குறை சொல்ல முடியாது. அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கொழுந்தனார் வந்து எதிரே உட்கார்ந்தார். வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வார்த்தை வராது என்று தெரிந்து நான்தான் ஆரம்பித்தேன். நாலு பேர் முன்னால் பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கும் ஒட்டிக்கொண்டது. நீங்க வந்ததே எங்களுக்குத் தெரியாதுங்க, வேண்டாமுன்னு நாங்க சொல்லலீங்க, அது பெங்களூருக்குப் போயி... என்று முன்னும் பின்னுமாக எதையோ சொல்லி முடித்தேன்.

அவர் கேட்டுக்கொண்டார். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவார்கள்.

"யாரு ஊட்டுக்குப் போகோணும்னு கேட்டாங்க நங்கையா. எங்கண்ணன் ஊட்டுக்குன்னு சொன்னேன். போன்ல கேட்டாங்க. வேண்டாம்னாங்க. நான் என்னன்னு நெனைக்கறதுங்க?"



வீட்டுக்காரர் தலையைத் தூக்காமலே, "ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல" என்றார்.

"நீங்க பண்ணியிருக்கலாமில்லீங்கண்ணா?"

சாந்தி சொம்புகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சுவரில் கல்யாணப் போட்டோ மாட்டியிருந்தார்கள், பெரியதாக. அதற்குப் பக்கத்திலேயே இணைச்சீர் போட்டோ. கார்த்தி ஒரு முனையைப் பிடித்திருக்கிறான். மறு முனையில் சாந்தியின் தங்கை மகள், முகம் முழுக்கச் சிரிப்போடு. அந்தப் பெண்ணைச் சொல்லி என்ன? அவள் நன்றாகத்தான் நின்றிருக்கிறாள். மலர் அந்தப் போட்டோவையே பார்த்தாள். கார்த்தி அதில் கேமராவைப் பார்க்கவில்லை. எங்கேயோ தள்ளி, மண்டபத்து வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாந்தி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள். சீர் செய்து வைக்கிற அருமைக்காரர் இரண்டு தடவை, "இணைச்சீர்க்காரியைக் கூப்பிடுங்க" என்றாராம். இரண்டு தடவையும், கொஞ்சம் பொறுங்க என்று கார்த்திதான் நிறுத்தி வைத்தானாம். மூன்றாவது தடவை நேரமாகிவிட்டது என்றாராம்.

அப்போதுதான் கார்த்தி பட்டறையிலிருந்து வந்தான், கை நிறைய கிரீஸோடு. எங்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றான். "வாங்க பெரியப்பா, வாங்க பெரியம்மா." மலரை ஒரு தடவை பார்த்தான். நேராகப் போய்க் கை கழுவினான். வெகுநேரம் கழுவினான். அப்புறம் ரூமுக்குள் போய் ஒரு பெட்டியை எடுத்துவந்து மலர் மடியில் வைத்தான்.

"இது உன்னுது. வேற ஆருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிப்போட்டேன். அந்தப் புள்ளைக்கு வேற எடுத்துட்டாங்க."

மலர் திறந்தாள்.

பச்சைப் பட்டு.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சேலையின் மேல் ஒரு தடவை கையை வைத்துத் தடவினாள். அப்புறம் அவனைப் பார்த்துக் கேட்டாள்.

"இதை நான் எப்படா கட்டறது?"

 அவனுக்கு இன்னொரு கல்யாணமா நடக்கப் போகிறது?

கிளம்பும்போது கொழுந்தனார் கார் வரைக்கும் வந்தார். அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். சேவியர் சொன்னது சரிதான். ஒரே நெற்றி. வீட்டுக்காரர், "ஊட்டுக்கு வாப்பா" என்றார். "சரிங்கண்ணா" என்றார் அவர். ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் சொன்ன அதே சரிங்கண்ணா.

பிரபு அன்றைக்கே ஏற்பாட்டை மாற்றிவிட்டான். இப்போது கேட்டுக்கு யார் வந்தாலும் சேவியர் நேராக வீட்டுக்காரரின் பட்டன் போனுக்குக் கூப்பிடுகிறார். இவர் யார், என்ன, எங்கிருந்து என்று எதையும் கேட்பதில்லை. "விடுங்க, விடுங்க" என்கிறார். நேற்று, தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் விற்கிற ஒருவர் வந்து ஹாலில் உட்கார்ந்து, காப்பி குடித்து, எங்கள் குழாய்த் தண்ணீரைக் குறை சொல்லிவிட்டுப் போனார். முந்தாநாள் தப்பான ஃபிளாட்டுக்கு வந்த ஒரு பையன் இங்கே முறுக்குச் சாப்பிட்டான்.

எல்லோரும் வருகிறார்கள். ஒரே நெற்றி உள்ளவர்தான் இன்னும் வரவில்லை.